'எனக்குத் தெரியாது' என்று சொன்னவருக்கு மரண தண்டனை ஏன்? யார் இந்த சாக்ரடீஸ், ஏதென்ஸில் நடந்தது என்ன?

கி.மு. 399. கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரம். 70 வயது முதியவர் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்கிறார். அவர் யாரையும் கொல்லவில்லை, பொதுப்பணத்தில் கை வைக்கவில்லை, ஆட்சியைக் கவிழ்க்க ஆள் திரட்டவும் இல்லை. ஊர் வணங்கும் தெய்வங்களை ஏற்காமல் புதிய தெய்வங்களைக் கொண்டு வருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பதுதான் அவர் மீதான புகார். காலையில் தொடங்கிய விசாரணை அன்றைக்கே முடிந்தது. தீர்ப்பு: மரணம்.

அவர்தான் சாக்ரடீஸ். தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1956-ல் வெளிவந்த 'ராஜா ராணி' படம்தான். கருணாநிதியின் வசனத்தை சிவாஜி கணேசன் முழங்க, கடைசியில் விஷக் கோப்பையை வாங்கிக் குடிக்கும் அந்த நாடகக் காட்சியைப் பார்த்து எத்தனையோ பேர் பள்ளி மேடையில் நடித்திருப்பார்கள். ஆனால் ஏதென்ஸ் தெருக்களில் உண்மையில் நடமாடிய சாக்ரடீஸ் கொஞ்சம் வேற மாதிரி ஆள். மேடை ஏறி முழங்கியதைவிட, எதிரில் நிற்பவரிடம் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர். அந்தக் கேள்விகள்தான் அவரை நீதிமன்றம் வரை கொண்டுபோய் விட்டன.

கல்தச்சர் மகன், மருத்துவச்சி மகன்

கி.மு. 469 வாக்கில் ஏதென்ஸை ஒட்டிய அலோபெகே என்ற பகுதியில் பிறந்தவர் சாக்ரடீஸ். அப்பா சோஃப்ரோனிஸ்கஸ், கல்லில் சிலை வடிப்பவர். அம்மா ஃபெய்னரெட்டே, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. அம்மாவின் தொழிலைத்தான் தானும் செய்கிறேன் என்று பின்னாளில் சாக்ரடீஸ் சொல்லிக்கொள்வாராம். அம்மா குழந்தையை வெளியே எடுத்தார், இவர் அடுத்தவர் மனதில் இருக்கும் கருத்தை வெளியே எடுத்து, அது உயிருள்ளதா இல்லையா என்று பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆள் பார்க்க அழகர் இல்லை. சப்பை மூக்கு, பிதுங்கிய கண்கள், எப்போதும் வெறுங்கால். மனைவி பெயர் சாந்திப்பே, 3 மகன்கள். அந்தக் காலத்தில் சோஃபிஸ்டுகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. மேடையில் எப்படிப் பேசி ஜெயிப்பது என்று பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து நல்ல கட்டணம் வாங்குவார்கள். சாக்ரடீஸ் யாரிடமும் காசு வாங்கவில்லை. தன்னை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. கற்றுக்கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பது அவருடைய வாதம்.

வெறும் பேச்சு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பொட்டிடேயா, டீலியம், ஆம்ஃபிபோலிஸ் என 3 இடங்களில் கனரகக் காலாட்படை வீரராகப் போரிட்டவர். பொட்டிடேயாவில் காயம்பட்டுக் கிடந்த அல்கிபியாடீஸ் என்ற இளைஞரைக் காப்பாற்றியவர். கி.மு. 424-ல் டீலியத்தில் ஏதென்ஸ் படை தோற்று ஓடியபோது, எல்லோரும் தலைதெறிக்க ஓட, இவர் மட்டும் நாலாபக்கமும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாராம். அந்த நடையைப் பார்த்தே எதிரிகள் கிட்டே வரவில்லை என்று கூட இருந்தவர்கள் பின்னர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் சீடர்களான பிளேட்டோ, செனஃபோன் ஆகியோர் எழுதியதும், நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கிண்டலடித்து எழுதியதும்தான். எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியும் என்ற பொருளில், அவர் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகம் இருக்கிறதே, அது அப்படியே அந்த வடிவத்தில் பிளேட்டோவின் நூல்களில் இல்லை. அவர் சொன்னது இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. அது என்ன என்று பார்க்க டெல்பிக்குப் போக வேண்டும்.

டெல்பியில் கேட்ட கேள்வி

டெல்பியில் இருந்தது அப்போலோ கோயில். அங்கே பெண் பூசாரி ஒருவர் குறி சொல்வார். அரசர்களே போர் தொடுக்கும் முன் ஆள் அனுப்பிக் கேட்கும் இடம். சாக்ரடீஸின் நண்பர் கேரிஃபோன் கொஞ்சம் அவசரக்காரர். அவர் அங்கே போய், சாக்ரடீஸைவிட அறிவாளி யாராவது உண்டா என்று கேட்டார். யாரும் இல்லை என்று பதில் வந்தது.

வேறு ஒருவராக இருந்தால் போஸ்டர் அடித்து ஒட்டியிருப்பார். சாக்ரடீஸுக்கோ குழப்பம். தனக்கு எதுவும் தெரியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெய்வமும் பொய் சொல்லாது. அப்படியானால் இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்? தன்னைவிட அறிவாளி ஒருவரைக் கண்டுபிடித்துக் காட்டிவிடலாம் என்று கிளம்பினார்.

முதலில் பேர் பெற்ற அரசியல்வாதி ஒருவரிடம் போனார். பேசப் பேச, அவருக்கு விஷயம் தெரியவில்லை, ஆனால் தெரியும் என்று அவரும் நம்புகிறார், சுற்றியிருப்பவர்களும் நம்புகிறார்கள் என்பது புரிந்தது. அதை அவருக்கே எடுத்துக் காட்டினார். அன்றோடு ஒரு எதிரி. அடுத்து கவிஞர்கள். அருமையாக எழுதியிருந்தார்கள், ஆனால் தாங்கள் எழுதியதற்கு என்ன பொருள் என்று விளக்கத் தெரியவில்லை. கடைசியாகக் கைவினைஞர்கள். இங்கே சாக்ரடீஸ் ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டார். தனக்குத் தெரியாத எத்தனையோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செருப்பு தைப்பவருக்குச் செருப்பு பற்றி நிஜமாகவே தெரியும். சிக்கல் எங்கே என்றால், தன் தொழிலில் கெட்டிக்காரர் என்பதாலேயே நாடு, நீதி, நல்லது கெட்டது எல்லாவற்றிலும் தான் சொல்வதே சரி என்று அவர் நினைத்தார்.

ஒரு துறையில் பெயர் வாங்கியவர் கொரோனாவுக்கு மருந்து முதல் பங்குச்சந்தை வரை கருத்து சொல்வதை நாம் பார்க்கவில்லையா, அதேதான்.

இந்த அலைச்சலுக்குப் பிறகு சாக்ரடீஸ் வந்து சேர்ந்த முடிவு இதுதான். அவர்களுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் அப்படி நினைக்கவில்லை. அந்த ஒரு சின்ன வித்தியாசத்தைத்தான் டெல்பி சொல்லியிருக்கிறது. கவனியுங்கள், உலகத்தில் எதையுமே அறிய முடியாது என்று அவர் சொல்லவில்லை. அநியாயம் செய்வது கெடுதல் என்பது தனக்கு உறுதியாகத் தெரியும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னவர் அவர்.

வீரம் என்றால் என்ன? தளபதிக்கே தெரியவில்லை

அவருடைய பாணி எளிமையானது. நீதி, வீரம், பக்தி மாதிரி எல்லோரும் தினமும் பயன்படுத்தும் ஒரு சொல்லை எடுப்பார். அதற்கு விளக்கம் கேட்பார். வந்த விளக்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று அடுத்தடுத்த கேள்விகளால் தட்டிப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் எதிராளி தான் முதலில் சொன்னதற்கு நேர்மாறாகப் பேசிக்கொண்டிருப்பார்.

பிளேட்டோவின் 'லாகஸ்' என்ற உரையாடலில் ஏதென்ஸின் தளபதிகள் 2 பேர், லாகஸும் நிக்கியாஸும், வீரம் என்றால் என்ன என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். இடத்தை விட்டு நகராமல் நின்று போரிடுவதுதான் வீரம் என்கிறார் லாகஸ். பின்வாங்கிக்கொண்டே போரிட்டு ஜெயிப்பவர்கள் வீரர்கள் இல்லையா என்று கேட்டதும் தடுமாறுகிறார். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சக் கூடாது என்று அறிவதே வீரம் என்கிறார் நிக்கியாஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் நிற்கவில்லை. உரையாடல் விடையில்லாமல் முடிகிறது.

இதில் என்ன இருக்கிறது, வெறும் வார்த்தை விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் அந்த நிக்கியாஸுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கி.மு. 413-ல் சிசிலித் தீவில் ஏதென்ஸ் படை சிக்கிக்கொண்டது. உடனே கப்பலேறித் தப்பிக்க வேண்டிய நேரம். அன்றைக்கென்று சந்திர கிரகணம். கிளம்பக் கூடாது, 27 நாள் காத்திருக்க வேண்டும் என்று குறி சொல்பவர்கள் சொல்ல, தளபதி நிக்கியாஸ் அதை நம்பி நின்றுவிட்டார். அதற்குள் எதிரிகள் துறைமுக வாயிலை அடைத்தார்கள். கடற்படை மொத்தமும் போனது. உயிர் பிழைத்த சுமார் 7,000 பேர் சிரக்யூஸ் நகரத்துக் கல் குவாரிகளில் அடைக்கப்பட்டு, பசியிலும் வெயிலிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். நிக்கியாஸும் கொல்லப்பட்டார். எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெரியும் என்று நினைத்த மனிதர், அஞ்ச வேண்டியது வானத்தில் மறைந்த நிலாவுக்கா, கடலில் வரும் கப்பலுக்கா என்பதில் தவறிவிட்டார். பிளேட்டோ அந்த உரையாடலை எழுதியது இந்தப் பேரழிவுக்குப் பிறகு. படித்த ஏதென்ஸ்காரர்களுக்கு அது வெறும் வார்த்தை விளையாட்டாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

தெரியாது என்று ஒப்புக்கொண்டால் என்ன லாபம்?

சரி, ஒருவரைத் தெரியாது என்று சொல்ல வைத்துவிட்டால் மட்டும் போதுமா? மெனோ என்ற செல்வந்தர் இதையே கேட்டார். சாக்ரடீஸோடு பேசினால், தொட்டவுடன் ஷாக் அடிக்கும் திருக்கை மீன் பட்ட மாதிரி மரத்துப்போகிறது என்று புலம்பினார். அதற்கு சாக்ரடீஸ் செய்து காட்டியது ஒரு கணக்கு. மெனோவின் வீட்டு அடிமைச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, தரையில் 2 அடி பக்கமுள்ள ஒரு சதுரம் வரைந்தார். பரப்பு 4 சதுர அடி. இதைப் போல 2 மடங்கு, அதாவது 8 சதுர அடி உள்ள சதுரம் வேண்டும், பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பையன் யோசிக்காமல் பக்கத்தையும் இரட்டிப்பாக்கி 4 அடி என்றான். வரைந்து பார்த்தால் 16 வருகிறது. அப்படியானால் 3 அடி என்றான். 9 வருகிறது. இப்போது பையன் முழித்தான். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான். சாக்ரடீஸ் மெனோ பக்கம் திரும்பி, இவனுக்கு நாம் கெடுதல் செய்தோமா, நல்லது செய்தோமா என்று கேட்டார். கொஞ்சம் முன்னால் தவறான விடையை ஊர் கூட்டிச் சொல்லியிருப்பான், இப்போதோ தேடத் தயாராக இருக்கிறான். அதன் பிறகுதான் சதுரத்தின் மூலைவிட்டம் வரையப்படுகிறது. அந்த மூலைவிட்டத்தையே பக்கமாக வைத்து ஒரு சதுரம் வரைந்தால் சரியாக 8 சதுர அடி. சந்தேகமாக இருந்தால் ஒரு கட்டம் போட்ட தாளில் வரைந்து பாருங்கள்.

இந்தக் கணக்கின் சாயல் 2002-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்விலும் தெரியும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் என்ற 2 ஆய்வாளர்கள், ஜிப், ஃப்ளஷ் டாய்லெட், தையல் மெஷின் போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு, படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்ததும்தான் விஷயம் புரிந்தது. மறுபடி மதிப்பெண் போடச் சொன்னபோது, பலரும் தங்களுக்குத் தாங்களே குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, தோற்கடிக்கவில்லை. விளக்கச் சொன்னார்கள், அவ்வளவே.

இன்னொரு உதாரணம் நம் கையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது. ஏஐ சாட்பாட்டுகள் தெரியாத கேள்விக்கும் சரளமாக, கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்லிவிடுகின்றன. அவற்றைச் சோதிக்கும் பல தேர்வுகளில் தெரியாது என்ற பதிலுக்குப் பூஜ்ஜியம், குத்துமதிப்பாகச் சொன்னது சரியாகிவிட்டால் மதிப்பெண் என்று இருப்பதும் இதற்கு ஒரு காரணம். நம்ம ஊர் டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்று ஒரு கட்டமே இருக்கிறது. முறைகேட்டைத் தடுக்கக் கொண்டுவந்தது அது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்காதபோது யார்தான் அந்தக் கட்டத்தை நிரப்புவார்கள்!

ஏதென்ஸ் ஏன் கோபப்பட்டது?

திரும்ப ஏதென்ஸுக்கு வருவோம். கேள்வி கேட்டதற்காக மட்டும் ஒருவரைக் கொல்வார்களா? இங்கேதான் அரசியல் வருகிறது.

கி.மு. 404-ல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் முழுமையாகத் தோற்றது. ஜனநாயகம் கலைக்கப்பட்டு '30 கொடுங்கோலர்கள்' என்று அழைக்கப்பட்ட குழு ஆட்சிக்கு வந்தது. சில மாதங்களில் சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழுவின் தலைவர் கிரிட்டியாஸ், ஒரு காலத்தில் சாக்ரடீஸைச் சுற்றி வந்தவர். பொட்டிடேயாவில் சாக்ரடீஸ் காப்பாற்றிய அல்கிபியாடீஸோ, சிசிலிப் படையெடுப்பைத் தூண்டிவிட்டு, பிறகு எதிரி நாட்டுக்கே ஓடிப்போனவர். ஊரைக் கெடுத்த 2 பேரும் இவரோடு உட்கார்ந்து பேசியவர்கள் என்றால் ஜனம் என்ன நினைக்கும்? கி.மு. 403-ல் ஜனநாயகம் திரும்பியபோது பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டுவிட்டதால், பழைய அரசியலை வைத்து வழக்குப் போட முடியாது. தெய்வ நிந்தனை என்ற புகார் வந்ததன் பின்னணி இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆனால் சாக்ரடீஸ் அந்த 30 பேரின் ஆளா என்றால், இல்லை. சலாமிஸைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கைது செய்து வரச் சொல்லி சாக்ரடீஸ் உட்பட 5 பேருக்கு அவர்கள் உத்தரவிட்டார்கள். கொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 4 பேர் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். ஜனநாயக ஆட்சியிலும் அவர் இப்படித்தான். கி.மு. 406-ல் ஆர்கினுசே கடற்போரில் ஜெயித்தும், புயலில் சிக்கிய வீரர்களை மீட்கவில்லை என்று தளபதிகளை மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்கள் சபை துடித்தது. அது சட்டப்படி தவறு. அன்று சபை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் ஒருவர்தான் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டம் மிரட்டியது, அவர் அசையவில்லை. இருந்தும் 6 தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பின்னர் ஏதென்ஸ் அதற்காக வருந்தியது.

போதாக்குறைக்கு, விசாரணைக்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டோஃபனீஸ் 'மேகங்கள்' என்ற நகைச்சுவை நாடகத்தில் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டு, அப்பனை அடிக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பவராகக் காட்டியிருந்தார். நடுவர்களில் பலர் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மெலிட்டஸ், அனிட்டஸ், லைகான் ஆகிய 3 பேர் போட்ட வழக்கைவிட அந்தப் பழைய பிம்பம்தான் ஆபத்தானது என்று சாக்ரடீஸே நீதிமன்றத்தில் சொன்னார்.

30 வாக்குகள்

நடுவர்கள் 501 பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. எல்லோரும் சாதாரணக் குடிமக்கள், குலுக்கலில் தேர்வானவர்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, ஆனால் சுமார் 30 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலை. ஏதென்ஸ் வழக்கப்படி அடுத்து இரு தரப்பும் ஒரு தண்டனையை முன்மொழிய வேண்டும். புகார் கொடுத்தவர்கள் மரணம் கேட்டார்கள். நாடு கடத்துங்கள் என்று கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். சாக்ரடீஸோ, ஒலிம்பிக் வீரர்களுக்குப் போடுவது போல் அரசு செலவில் தனக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றார்! பிறகு 1 மினா வெள்ளி அபராதம் கட்டலாம் என்று சொல்லி, பிளேட்டோ உள்ளிட்ட நண்பர்கள் ஜாமீன் நிற்க, அதை 30 மினாவாக உயர்த்தினார். அதற்குள் நடுவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். முதலில் நிரபராதி என்று வாக்களித்தவர்களிலும் 80 பேர் இப்போது மரணத்துக்கு வாக்களித்ததாகப் பின்னாளில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று சொல்கிறது.

திமிரா, பிடிவாதமா? அவருடைய வாதத்தைக் கேட்டால் அப்படித் தோன்றாது. சாவுக்குப் பயந்து கேள்வி கேட்பதை நிறுத்தினால், சாவு கெட்டது என்று தெரிந்த மாதிரி நடந்துகொள்வதாக ஆகும். அது உண்மையில் யாருக்குத் தெரியும்? கனவில்லாத தூக்கமாக இருக்கலாம், வேறொரு ஊருக்குப் போவது போலவும் இருக்கலாம். ஊர் முழுக்க அடுத்தவரிடம் எதைக் குறையாகச் சொன்னாரோ, அதைத் தன் உயிர் விஷயத்திலும் செய்ய அவர் தயாராக இல்லை. அவர் வாழ்க்கையிலேயே கடினமான இடம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு மாதக் காத்திருப்பு

தண்டனை உடனே நிறைவேறவில்லை. ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்குப் போகும் புனிதக் கப்பல் அப்போதுதான் புறப்பட்டிருந்தது. அது திரும்பும் வரை நகரத்தில் யாரையும் கொல்லக் கூடாது. சுமார் ஒரு மாதம் சிறை. அந்த நாட்களில் ஒரு விடியற்காலை, பால்ய நண்பர் கிரிட்டோ வந்து பார்த்தார். காவலரைச் சரிக்கட்டியாகிவிட்டது, தெசலிக்குத் தப்பிப் போய்விடலாம், பிள்ளைகளை நினைத்துப் பார் என்று கெஞ்சினார். 70 வருடம் இந்த ஊர்ச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்துவிட்டு, அது எனக்கு எதிராகத் திரும்பியதும் ஓடுவது நியாயமா என்று திருப்பிக் கேட்டார் சாக்ரடீஸ். கிரிட்டோவிடம் பதில் இல்லை.

கடைசி நாளில் நண்பர்கள் கூடியிருந்தார்கள். பிளேட்டோ மட்டும் உடம்பு சரியில்லாததால் வரவில்லை. ஆன்மா அழியாததா என்ற விவாதம் நாள் முழுக்க நடந்தது. மாலையில் ஹெம்லாக் நஞ்சுக் கோப்பையோடு ஆள் வந்தார். சாக்ரடீஸ் வாங்கிக் குடித்தார், கால் கனக்கும் வரை நடந்தார், பிறகு படுத்துக்கொண்டார். அழுதவர்களைக் கண்டித்தார். குளிர்ச்சி இடுப்பு வரை ஏறியபோது முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, அஸ்க்லீபியஸ் சாமிக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று கிரிட்டோவிடம் சொன்னார். நோய் தீர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. எந்த நோய் தீர்ந்ததாக அவர் நினைத்தார் என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். செய்துவிடுகிறேன் என்ற கிரிட்டோ, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பதில் வரவில்லை.